கூட்டிப் பெருக்கிய வாசல்

குடியிருந்ததற்குக் காகிதம் செல்லாது, மண்தான் சாட்சி என்று சட்டம் வந்த பிறகு, அரியலூர்ப் பக்கம் ஒவ்வொரு வாசலிலும் துளைபோடும் இயந்திரம் இறங்கியது. தையல்நாயகியின் வாசலிலிருந்து எடுத்த நீளமான மண் உருளையைச் சர்வேயர் மதியழகன் தார்ப்பாயில் கிடத்தினார். மேலே நாலு விரல் செம்மண். அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல், கல்லுக்குள் சுருள் சுருளாகக் கிளிஞ்சல்.

"ஏழு கோடி வருஷத்துக்கு முன்னால இங்க கடல் இருந்ததுக்குச் சாட்சி இருக்கு. நீங்க இருந்ததுக்குத்தான் ஒண்ணும் இல்லம்மா."

"நாப்பது வருஷமா இங்கதான்யா கெடக்குறேன்."

"பக்கத்து வீட்டு மண்ணுல பால் கவர், கோழி எலும்பு, ஒடைஞ்ச பல்புன்னு அடுக்கடுக்கா இருக்கு. அவருக்குப் பட்டா எழுதியாச்சு."

வேலிக்கு அந்தப் பக்கம் கலியபெருமாள் பல்லைக் குத்திக்கொண்டு நின்றான். அவன் கொட்டிய குப்பையில் பாதி காற்றில் பறந்து வந்து இவள் வாசலில்தான் விழும். அதையும் சேர்த்து அள்ளி, தினமும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டியவள் அவள்.

"நான் கூட்டிப் பெருக்குனது தப்பா?"

"தப்புன்னு சொல்லல. மண்ணு சொல்றதத்தான் எழுத முடியும். வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க."

தையல்நாயகி உள்ளே போய், தேய்ந்துபோன விளக்குமாற்றை எடுத்து வந்தாள். மதியழகன் ஓரடி பின்வாங்கினார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விளக்குமாற்றைத் துளைக்குள் சொருகி, அதன் தலை மறையும்வரை காலால் மிதித்து இறக்கினாள்.

"இப்பத் தோண்டு," என்றாள்.