அரைச் சுற்று

"டேய், கைய எடு!"

கிருஷ்ணராஜ் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார்.

கீழ்வீட்டு ஸியாம் திடுக்கிட்டு எழும்பினான். கையில் ஸ்க்ரூட்ரைவர். குந்தியிருந்தது தன்னுடைய ஆட்டோவுக்குப் பக்கத்தில் அல்ல, கிருஷ்ணராஜின் பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில்.

"அண்ணன், நான் சும்மா..."

"விடியக்காலமை என்ர பைக்கில உனக்கென்ன சும்மா?"

அந்த மோட்டார் சைக்கிளை விற்றுவிடும்படி சொல்லாத ஆள் கொட்டாஞ்சேனையில் இல்லை. பெற்றோல் விலை ஏறியபிறகு மனைவி யோகேஸ்வரியும் சேர்ந்துகொண்டாள். "இது குடிக்கிற குடிக்கு, ஹெந்தளைக்கு மகளிட்ட நாங்கள் ஆட்டோவிலயே போய் வரலாம்."

"விக்க மாட்டன்" என்றார் கிருஷ்ணராஜ். "லீற்றருக்கு ஐம்பது கிலோமீற்றர் ஓட வைக்கிறன், இருந்து பாரும்."

சொன்னதோடு நிற்கவில்லை. புறக்கோட்டை அச்சகத்தில் காலமெல்லாம் மெஷின் ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்த களைப்போடு, ஒவ்வொரு பின்னேரமும் காபரேட்டரைக் கழற்றினார். கழுவினார். உள்ளே இருக்கும் ஊசியை ஒரு படி இறக்கிப் பூட்டினார். கடைசியில் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்து, காற்றைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சின்னத் திருகாணியைத் திருப்பினார். சத்தம் சீராக வந்துவிட்டதென்று தலையாட்டிவிட்டு மேலே ஏறினார்.

பலன் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஐம்பதைத் தொட்டது. அச்சகத்தில் எல்லோருக்கும் சொன்னார். ஸியாமுக்கும் சொன்னார்.

"மாஷா அல்லாஹ்! அண்ணன்ட கை ராசி" என்று சிரித்தான் அவன்.

போன கிழமைதான் எல்லாம் கெட்டது. அதே காபரேட்டர், அதே ஊசி. ஆனால் நாற்பதுகூட ஓடவில்லை. அவர் விடவில்லை. திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டினார். தேத்தண்ணி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பூட்டினார். தன்னுடைய வேலையில் பிழை இல்லை. அப்படியென்றால் பெற்றோல் வேறு எங்கேயோ போகிறது.

எங்கே என்பது இப்போது தெரிந்துவிட்டது.

"எத்தினை நாளா நடக்குது இந்தக் களவு?"

"களவு இல்ல அண்ணன்..."

"என்ன முணுமுணுக்கிறாய்? வாயைத் திறந்து சத்தமாச் சொல்லு!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. யோசெப்பின் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்ன, பெற்றோல் களவோ? நான் அப்பவே நினைச்சனான்."

ஸியாம் அவளைப் பார்த்தான். கிருஷ்ணராஜைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அதை விழுங்கிக்கொண்டு தலையைக் குனிந்தான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க அண்ணன். இனித் தொடமாட்டன்."

"பாத்தீங்களா அக்கா? ஒத்துக்கொண்டிட்டான்! இப்பவே பொலிசுக்குப் போறன்."

"போகலாம். முதல்ல மேல வாங்கோ."

படிக்கட்டில் யோகேஸ்வரி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் கிருஷ்ணராஜ் மேலே ஏறினார்.

கதவைச் சாத்தியபிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"அந்தத் தம்பி பெற்றோல் எடுக்கேல்லை. நீங்கள் பிழையாத் திருப்பி வைக்கிற திருகாணியைச் சரியாக்கிறார். ஒவ்வொரு நாளும் விடிய."

"என்ன?"

வழக்கம்போல இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது, கிட்டப் போய், சத்தமாக.

"நீங்கள் சீராக்கிப்போட்டன் எண்டு தலையாட்டேக்கயும் இஞ்சின் இருமிக்கொண்டு நிக்கும். எனக்கு மேல கேக்கும். உங்களுக்குப் பக்கத்தில நிண்டும் கேக்காது. காதை டொக்டரிட்டக் காட்டுவமெண்டு எத்தினை தரம் கெஞ்சியிருப்பன்?"

"அப்ப... போன கிழமை?"

"போன கிழமை அவர் புத்தளத்தில, மாமியார் வீட்டில. நேற்றுத்தான் வந்தவர்."

கிருஷ்ணராஜ் கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"என்னட்டயே சொல்லியிருக்கலாமே."

"நான் சொல்லச் சொன்னனான். 'வாணாம் அக்கா, வேலை முழுக்க அண்ணன்டதான். எனக்குக் காபரேட்டரப் பத்தி ஒண்டும் தெரியாது. சத்தம் கேக்குது, அரைச் சுற்றுத் திருப்புறன், அவ்வளவுதான். அவர் சந்தோசமா இரிக்கட்டும்' எண்டார்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"இப்பவும் பாருங்கோ, அந்த அக்காவுக்கு முன்னால உங்களுக்குக் காது கேக்காதெண்டு சொல்றதவிட, தான் கள்ளனெண்டு பேர் எடுத்தாலும் பரவாயில்லையெண்டு நிண்டார்."

கிருஷ்ணராஜ் எழும்பினார்.

கீழே ஸியாம் ஆட்டோவில் ஏறி, புறப்பட இருந்தான். யோசெப்பின் அக்கா இன்னும் ஜன்னலில்தான்.

"அக்கா!" கிருஷ்ணராஜ் நிமிர்ந்து நின்று சத்தம் போட்டார். "இவன் கள்ளன் இல்லை. எனக்குத்தான் காது கேக்கிறேல்லை."

ஜன்னல் மெல்லச் சாத்திக்கொண்டது.

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணினார். ஸ்க்ரூட்ரைவரோடு காபரேட்டருக்குப் பக்கத்தில் குந்தினார். பிறகு ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தார்.

"இறங்கி வாரும் தம்பி. நீர் கேளும், நான் திருப்பிறன்."