கடைவாய்ப் பல்லும் ஜன்னலும்

காற்றில் துளி பாதரசம் கலந்தாலும் சிற்றரசுவின் வீட்டு ஜன்னல்கள் தாமாகவே படாரென்று திறந்துகொள்ளும். மனைவி நிறைமதி மாசமானதிலிருந்து அவை தினமும் திறந்தன. அவள் கடைவாய்ப் பல்லில் பாதரசம் கலந்த பழைய வெள்ளி அடைப்பு இருந்தது. அதை உடனே எடுத்தாக வேண்டும் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான்.

"அடைச்சது அசையாம நல்லா இருக்கு. இப்பத் தோண்டினாத்தான் ஆவி கிளம்பும். பிரசவம் ஆகட்டும்," என்றார் பல் டாக்டர்.

"உங்க பல்லுலயும் அதேதானுங்க இருக்குது?" என்று நிறைமதி கணவனைக் கேட்டாள்.

"என்னுது பழசு, புள்ள. அது அடங்கிப்போச்சு."

வளைகாப்பு முடிந்து அவள் பெருந்துறையில் அம்மா வீட்டுக்குப் போனாள். அவன் விடவில்லை, அந்த ஊரிலேயே வேறொரு பல் டாக்டரிடம் அவளுக்கு நேரம் வாங்கினான். அன்று மாலை, இவள் போவாளா மாட்டாளா என்ற கவலையில் தனியாக உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தான்.

ஜன்னல்கள் படாரென்று திறந்தன. வீட்டில் அவனைத் தவிர யாருமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து போனில் அவளிடம் விஷயத்தைச் சொன்னான்.

"இப்ப டாக்டர்கிட்ட நான் போகோணுமா, நீங்க போறீங்களா?" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"யாரும் போக வேண்டாம், புள்ள."

இறுகியிருந்த தாடையைத் தளர்த்தி அவனும் சிரித்தான். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.