வானத்தாரின் வாக்கு

வானத்தார் வரப்பில் ஏறி நின்று, நெற்றிக்கு மேல் கையை வைத்து மேற்கே பார்த்தார்.

ஊரே விதைக்கூடையோடு அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மருமகள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்து தொலைத்தது.

பின்னே என்ன? காலையில் அடுப்படியில், அவள்தானே தன் செல்போனுக்கு வந்த விவசாய ஆபீஸ் மழைச் செய்தியை மாமனாருக்கு ரகசியமாக வாசித்துக் காட்டினாள்?

ஒரு காலத்தில் மனுஷன் நிஜமாகவே கெட்டிக்காரர்தான். காற்று திரும்புவதையும் எறும்பு முட்டை சுமப்பதையும் பார்த்து அடித்துச் சொல்வார். பெய்யும். இப்போது காற்றுக்கும் புத்தி பேதலித்துவிட்டது, எறும்புக்கும் பேதலித்துவிட்டது. போன வருஷம் அவர் பேச்சைக் கேட்டு எல்லாரும் புழுதியில் விதைத்த சோளத்தைக் குருவிதான் பொறுக்கித் தின்றது. பழியை எறும்பின் மேல் போட்டுவிட்டு எப்படியோ தப்பித்தார்.

அதிலிருந்து செல்போன்தான்.

அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பேர் யாருக்குப் போனால் என்ன, பயிர் முளைத்தால் சரி. வீட்டில் மிச்சம் இருப்பதே இந்த ஒரு கூடை விதைதான். இதுவும் வீணாய்ப் போனால் மறுபடி விதைக்க வழியில்லை.

"ரெண்டு நாள்ல ஊத்து ஊத்துன்னு ஊத்தும். விதைங்கய்யா!" என்றார் வானத்தார்.

அவளும் இறங்கினாள். வெயில் தாழ்வதற்குள் கூடையைத் தட்டிக் கவிழ்த்து, கடைசி மணி வரைக்கும் தூவிவிட்டாள்.

கால் கழுவிக்கொண்டிருந்தபோது பாதையில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. விவசாய ஆபீஸுக்குப் புதிதாக வந்த பெண். தினமும் மழைச் செய்தி அனுப்புகிறவள் அவள்தான்.

வயலின் அந்தக் கோடியில் நாலு பேர் சூழ, வானத்தார் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் குனிந்து விதைக்கு மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒரு உதவி. எங்க ஆபீஸ் கருவியெல்லாம் ரிப்பேராகி மாசக்கணக்காச்சு. செய்தி அனுப்பாம இருக்க முடியுமா? அதான் தினம் டீக்கடையில, நான் யாருன்னு சொல்லாம, உங்க மாமாகிட்டயே கேட்டு அனுப்பிடறேன். அவர் சொன்னா தப்பாதுன்னு ஊரே சொல்லுதே! இன்னிக்கு ஆளு கடைப்பக்கமே வரல. நாளைக்கு என்ன போடட்டும்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"