பெல்ட் போடாத ஆள்

பழைய காருக்கு மதிப்புப் போட வேண்டும், உள்ளே இருக்கும் சாமான்களை எடுத்துவிடுங்கள் என்று ஷோரூமில் சொன்னார்கள். ஞானசிகாமணி துழாவிப் பார்த்தார். வரும் வழியில் வாங்கிய ஐந்து கிலோ அரிசிப் பையைத் தவிர எதுவுமில்லை. ஒரு காலத்தில் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பமும், பிள்ளைகளின் சைக்கிளும், மனைவியின் பூந்தொட்டிகளுமாகப் பிதுங்கி வழிந்த டிக்கி அது.

பையோடு போய், ஓட்டிப் பார்க்கப் புது ஹைபிரிட் காரில் ஏறினார். சிவப்பு நிறம், பாயப் பதுங்கியது போன்ற உடம்பு. பையைப் பக்கத்து இருக்கையில் வைத்ததால் விற்பனைப் பெண் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"டிக்கி சின்னதுதான் சார். வீட்ல எத்தனை பேர்?"

"நாலு பேர்" என்று வந்துவிட்டது வாயில்.

"அப்போ இது சரிப்படாதே சார். உங்க பழைய வண்டி மாதிரிதான் தோது."

"இல்லம்மா..." என்று திருத்தப் போனார். வண்டி நகர்ந்ததும் கீங் கீங்கென்று கத்தத் தொடங்கியது.

"பக்கத்துல ஆள் இருக்குன்னு நினைச்சுக்குது சார். பெல்ட் போடச் சொல்லுது. பையைக் கீழ வெச்சிடுங்க, நின்னுடும்."

பழைய கார் அந்த இருக்கையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. மனைவி போய்ச் சேர்ந்து அது காலியானபோதுகூட.

வண்டியை ஓரங்கட்டினார். பெல்ட்டை இழுத்து, அரிசிப் பைக்குக் குறுக்கே போட்டு மாட்டினார். சத்தம் அடங்கியது. கையை மட்டும் பையிலிருந்து எடுக்கவில்லை.

"ரெண்டு பேர்தாம்மா" என்றார்.