கயிற்றின் பதில்

அமீரகத்துப் புஜைரா கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களின் அடிப்பாகத்தில் முங்கிப் பாசி சுரண்டுவதுதான் கோட்டைச்சாமிக்கு டியூட்டி, கண்ணுகளா. ராமநாதபுரத்துப் பிள்ளை. அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் படகில் பிடித்திருப்பவர் யாழ்ப்பாணத்துக் கதிர்காமு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இவர் மேலிருந்து ஒரு இழுப்பு இழுப்பார். கீழிருந்து ஒரு இழுப்பு திரும்பி வந்தால், சுகமாக இருக்கிறான் என்று பொருள்.

2006 மார்ச்சில் ஒரு காலை. நாலு தடவையும் பதில் ஒழுங்காக வந்தது. கதிர்காமு நிம்மதியாகத் தேநீர் குடித்தார். அப்புறம் கோட்டைச்சாமி படகின் மறுபக்கத்தில் மேலே வந்தான். இடுப்பில் கயிறு இல்லை.

“அண்ணே, திமிங்கிலக் குட்டி ஒண்ணு வலையில சிக்கிக் கெடந்துச்சு. பக்கத்துலயே தாய் நின்னுச்சு. எறங்குன ஒடனே என் கயிறும் அதுல பின்னிக்கிச்சு, மொதல்ல கயித்தை அறுத்தேன். வலையை அறுத்து முடிக்க இம்புட்டு நேரம். குட்டி ரொம்பச் சோந்துருச்சுண்ணே. பொழைக்குமான்னு தெரியல.”

“விசர்க்கதை கதையாதை தம்பி. இப்பதானே பதில் தந்தனி?”

கயிற்றை மேலே இழுத்தார்கள். அறுந்த நுனி வந்தது. முழுவதையும் சுருட்டிப் படகுக்குள் போட்டார்கள்.

பத்து நிமிடம் ஆனது. கதிர்காமு பழக்கதோஷத்தில் கயிற்றை எடுத்து ஒருமுறை இழுத்தார். கயிறு அவர் கையை ஒருமுறை இழுத்தது.

இரண்டு பேரும் நுனியைப் பார்த்தார்கள். அது பலகையில் அசையாமல் கிடந்தது.

“குட்டி சொகமா இருக்காம்ண்ணே” என்றான் கோட்டைச்சாமி.