மூன்று சிவப்புப் பொட்டு

வாக்களிக்கக் கொடுத்த, காகிதத்தில் ஒட்டும் மூன்று சிவப்புப் பொட்டுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சுவரை முறைத்துக்கொண்டிருந்தாள் ரோண்டா. எதிரி யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாவது தாள். அந்தப் படாடோபமான எழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது, கர்ட்.

பள்ளி நூலகச் சுவரில் வரிசையாகப் பெரிய தாள்கள் தொங்கின. கோடை விடுமுறை முடிந்து ஆசிரியர்கள் திரும்பும் முதல் மூன்று நாள் என்ன பயிற்சி கொடுப்பது, புதுப் பாடத்திட்டத்தை எப்படித் தொடங்குவது என்று ரோண்டா, கர்ட் உட்பட மாவட்டத்தின் தலைமையாசிரியர்கள் ஆளுக்கொரு திட்டம் எழுதி, பெயர் போடாமல் ஒட்டியிருந்தார்கள்.

ஒவ்வொரு தாளின் கீழும் ஒரு காகித உறை. ஆளுக்கு மூன்று பொட்டு; பிடித்த திட்டத்தின் உறைக்குள் போட வேண்டும். தன்னுடையதில் மட்டும் போடக் கூடாது.

"அதிகப் பொட்டு வாங்கின திட்டம்தான் திங்கக்கிழமை நடக்கும். அதை எழுதினவங்கதான் வருஷம் முழுக்கப் பயிற்சிக்குப் பொறுப்பு. அப்புறம் யாரும் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக் கூடாது," என்று காலையிலேயே சொல்லிவிட்டார் மாவட்டக் கல்வி அதிகாரி லொரேன்.

அந்தப் பொறுப்புக்காக ரோண்டா கோடை முழுவதும் உழைத்திருந்தாள். ஏரிக்குப் போன இடத்தில்கூட, கணவன் வெய்ன் தனியாக மீன் பிடித்துக்கொண்டிருக்க, இவள் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அட்டவணை போட்டாள். போன வருஷம் ஜெயித்தது கர்ட். ஆசிரியர்களை மூன்று நாள் விளையாட்டுக் கூடத்தில் உட்காரவைத்துப் பேசியே கொன்றுவிட்டான்.

காலைக் காபி நேரத்தில் வெய்ன் வந்திருந்தான். அவனும் இதே மாவட்டத்தில் நாலாம் வகுப்பு ஆசிரியன். எல்லோருடைய மதியச் சாப்பாட்டுக்கும் ஒரு பெரிய மின்பானை நிறைய பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பும், ஒரு தட்டு சின்னமன் ரோல் பன்னும் கொண்டுவந்திருந்தான்.

"இதுதான் ஏரிக்கரையில உன்னை என்கிட்டேருந்து பறிச்சதா?" என்று சுவரைக் காட்டிக் கேட்டான்.

"பானையை வச்சுட்டுக் கிளம்பு. நீ நின்னா எனக்கு இன்னும் படபடப்பா இருக்கு. முதல்ல அந்தச் சட்டைப் பையைப் பாரு, பச்சைப் பசேல்னு. பேனாவை மூடி வைன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சிவப்புல திருத்தினா பசங்க பயப்படுறாங்க, என்ன பண்றது? நீ போய்க் காபி குடி. நான் ப்ளக்கை மாட்டிட்டுப் போயிடறேன்."

அவள் அவன் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு மற்றவர்களோடு காபிக்குப் போனாள்.

இப்போது சாப்பாடும் முடிந்துவிட்டது. பானை சுத்தமாகக் காலி. தீர்ப்பு நேரம்.

"எதுல போடப் போறீங்க, ரோண்டா?" கர்ட் பக்கத்தில் வந்து நின்றான். "மூணாவது தாள் பிரமாதமா இருக்கே."

"இருக்கும். போன வருஷம் இதையேதான பார்த்தோம்."

"ரெண்டாவதும் மோசமில்ல. அம்புக்குறிதான் கொஞ்சம் ஜாஸ்தி. மழைக்கால ஈசல் மாதிரி."

இரண்டாவது அவளுடையது. ரோண்டா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஜெயிக்கக்கூடிய எந்தத் திட்டத்துக்கும் ஒரு பொட்டுகூடக் கொடுப்பதில்லை என்று அவள் முடிவு செய்தாள். யாருமே சீண்டாத ஒன்றாகப் பார்த்துப் போட வேண்டும். வரிசையின் கோடியில் அது கிடைத்தது.

கோணலான பச்சை எழுத்தில் நாலே வரி. 'பயிற்சி வேண்டாம். மூன்று நாளும் ஆசிரியர்களை அவரவர் வகுப்பறையில் விடுங்கள். பக்கத்து அறைக்காரரோடு உட்கார்ந்து பாடத்தைத் திட்டமிடுவார்கள். கேட்டால் மட்டும் உதவுங்கள்.'

புதிதாக வந்த தலைமையாசிரியர் யாரோ, பாவம், விவரம் தெரியாமல் எழுதியிருக்கிறார். மூன்று பொட்டையும் அந்த உறைக்குள் போட்டுவிட்டு நிம்மதியாக வந்து உட்கார்ந்தாள்.

லொரேன் உறைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். முதலாவது காலி. இரண்டாவதும் காலி. உறையின் மூலையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று ரோண்டா எட்டிப் பார்த்தாள். மூன்றாவதும் காலி. இப்போது கர்ட்டின் காது சிவந்தது, ரோண்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

காலி, காலி, காலி. கடைசி உறையைக் கவிழ்த்ததும் மேஜை மேல் சிவப்புப் பொட்டுகள் கொட்டின. மாவட்டத்தின் அத்தனை பொட்டுகளும்.

கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"யாரும் போட மாட்டாங்கன்னுதான் நான்..." என்று கர்ட் இழுத்தான்.

"நானும்தான்," என்றது ஒரு குரல். "நானும்," என்றது இன்னொன்று. யாரோ களுக்கென்று சிரிக்க, அது தொற்றிக்கொண்டு நூலகமே குலுங்கியது. ரோண்டாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

லொரேன் பொட்டுகளை அந்தத் தாளில் ஒவ்வொன்றாக ஒட்டி, நாலு வரியையும் உரக்கப் படித்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"வருஷா வருஷம் ஆசிரியர்கள் இதைத்தான் கேக்கிறாங்க. நாமதான் காதுலயே வாங்கல," என்றார். "நீங்க எதுக்காகப் போட்டிருந்தாலும் சரி, விதின்னா விதிதான். திங்கக்கிழமை இதுதான் நடக்கும். எழுதினவங்க எழுந்திரிங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. ஆளுக்கு ஒரு தாள்தான், ஆனால் சுவரில் ஒன்று அதிகமாக இருப்பதை அப்போதுதான் கர்ட் எண்ணிச் சொன்னான்.

காலிப் பானையை எடுத்துப் போக வெய்ன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். சுவரின் கோடியில் அம்மை போட்டதுபோல் சிவந்து கிடந்த தாளைப் பார்த்து அப்படியே நின்றான். பிறகு முகமெல்லாம் மலர ரோண்டாவின் பக்கம் திரும்பினான்.

"நீயும் என் தாளுக்குத்தான் போட்டியா, கண்ணு?"