பிள்ளைக்காரி

“மனுவ வாபஸ் வாங்கிரு வடிவு. அண்ணாச்சி வர்றதுக்கு முன்னால உள்ள போயிச் சொல்லிரு. மரியாதையா முடிஞ்சிரும்.”

தென்காசியில் தொழிலாளர் துறை அலுவலக வராந்தாவில் ஒரு பெஞ்சு கிடந்தது. ஒரு முனையில் உமாசங்கர், மறு முனையில் முத்துவடிவு. நடுவில் அவளுடைய கைப்பை.

“யாருக்கு மரியாதை?” என்றாள் வடிவு.

“எனக்குத்தான். மேனேஜர் ஆயிட்டேன்னு ஊரு பூரா சொல்லியாச்சு. விசிட்டிங் கார்டு கூட அடிச்சாச்சு. இப்பப் போயி இல்லன்னா எவன் மதிப்பான்?”

“கார்டுக்குப் பின்பக்கம் வெள்ளையாத்தான இருக்கு? பால் கணக்கு எழுத ஆகும்.”

“நக்கலா? எனக்குக் குடுத்தா உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

“என் வேலை.”

குற்றாலத்தில் ஐந்தருவி போகிற சாலையில் இருக்கிறது இருவரும் வேலை பார்க்கிற லாட்ஜ். வடிவு அங்கே ஒன்பது வருஷமாக ரிசப்ஷனில் இருக்கிறாள். பி.காம். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஆன்லைன் புக்கிங் பார்ப்பது அவள்தான். அருவியில் தண்ணீர் விழவில்லை என்கிற கோபத்தை ரூம் வாடகையில் காட்டுகிறவர்களைச் சமாளிப்பதும் அவள்தான். உமாசங்கர் ப்ளஸ் டூ. வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டதே அவள்தான். கம்ப்யூட்டரில் பில் போடவும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். பழைய மேனேஜர் வேலையை விட்டுப் போனதும் முதலாளி ஆவுடைநாயகம் அந்த நாற்காலியில் உமாசங்கரை உட்கார வைத்தார்.

வடிவு மனுப் போட்டாள். இன்றைக்கு விசாரணை. மூன்று பேரையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

ஆவுடைநாயகம் படியேறி வந்தார். இருவரையும் பார்த்தார்.

“என்னலே, இன்னுமா சொல்லி முடிக்கல? இவ்வளவு நேரம் இங்கன உக்காந்து என்னத்தப் பேசுன?”

“கேக்க மாட்டேங்கா அண்ணாச்சி.”

“வெளங்கிரும்!”

உள்ளே அழைத்தார்கள். அதிகாரி ரஹ்மத்துன்னிசா மனுவைப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“பெண்ணுங்கிறதுக்காகப் பதவி உயர்வு தரலைன்னு மனு. நீங்க என்ன சொல்றீங்க சார்?”

“மேடம், நான் பொம்பளைகள மதிக்குதவன். எங்க லாட்ஜுல ரூம் கூட்டுதது, பாத்ரூம் கழுவுதது, போர்வை தொவைக்குதது பூரா பொம்பளைகதான்.”

“அதத்தான் மேடம் நானும் மனுவுல எழுதியிருக்கேன்” என்றாள் வடிவு.

“பாத்தீங்களா மேடம்? படிச்ச திமிரு.”

“திமிரு எங்க அப்பா குடுத்தது அண்ணாச்சி. படிச்சதுக்குத்தான் பதவி கேக்கேன்.”

ரஹ்மத்துன்னிசா சிரிக்கவில்லை. “வேலைக்கு எடுக்கும்போதும் சரி, பதவி உயர்வு கொடுக்கும்போதும் சரி, பெண்ணுன்னு ஒதுக்கக் கூடாது. சட்டம் இருக்கு. இங்கே முடியலைன்னா அவங்க மேலே போகலாம். படிப்பு, அனுபவம் ரெண்டுலயும் இவங்கதான் முன்னால இருக்காங்க. வேற காரணம் ஏதாவது இருந்தா சொல்லுங்க.”

ஆவுடைநாயகம் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இருக்கு மேடம். பொம்பளைங்கதுக்காக இல்ல. இவ பிள்ளைக்காரி. ஒண்ணாங்கிளாஸ் படிக்குத பொண்ணு இருக்கு. சீசன்ல மேனேஜர்னா ராப்பகல் கெடயாது. சனி, ஞாயிறு கெடயாது. திடீர்னு ஒரு பஸ்ஸு ஆளு வந்து எறங்கும். அந்த நேரம் பாத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல்னு இவ ஓடிட்டா, லாட்ஜ யாரு பாப்பா?”

“இதுவரைக்கும் அப்படி ஓடியிருக்காங்களா?”

“ஓடல. ஓடிட்டா?”

உமாசங்கர் அவசரமாகத் தலையாட்டினான். “நெசந்தான் மேடம். ராத்திரி ஆயிட்டா பிள்ளை அம்மாவத்தான் தேடும்.”

“நீங்க மேனேஜரா இருந்தா ராப்பகலா நிப்பீங்களா?”

“நிப்பேன் மேடம். எனக்கு அந்தத் தொந்தரவு கெடயாது.”

வடிவு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏன், உங்களுக்குக் கல்யாணம் ஆகலையா?” என்று கேட்டார் ரஹ்மத்துன்னிசா.

“ஆயிட்டு மேடம்.”

“குழந்தை?”

உமாசங்கர் முதலாளியைப் பார்த்தான். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

“ஒரு பொண்ணு.”

“என்ன படிக்குது?”

“ஒண்ணாங்கிளாஸ்.”

ரஹ்மத்துன்னிசா பேனாவைக் கீழே வைத்தார். “இவங்க பொண்ணும் ஒண்ணாங்கிளாஸ். உங்க பொண்ணும் ஒண்ணாங்கிளாஸ். இவங்க பொண்ணுக்கு மட்டும் காய்ச்சல் வரும், உங்க பொண்ணுக்கு வராதா?”

வடிவுதான் பதில் சொன்னாள்.

“வந்தா ரெண்டு பேரு பொண்ணுக்கும் ஒண்ணாத்தான் வரும் மேடம். ரெண்டும் ஒரே பிள்ளைதான். இவரு என் வீட்டுக்காரரு.”